ஐந்தாவது ஃப்ளாப்பி

கல்லூரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பொட்டலம் என்றால்தான் தெரியும். முதல்வரே ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில், "கம்ப்யூட்டர் ரூம் சாவியப் பொட்டலத்துகிட்ட வாங்கிக்கங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அதை மறைக்க அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நம் ஆளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருளான லினக்ஸ் என்ற பேச்சை அப்போது நூறு பேரில் ஒருவர் கேட்டிருந்தால் அதிகம். முப்பது நாற்பது ஃப்ளாப்பிகளில் அது வரும். ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றாக உருவி, கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி ஏற்றி முடிப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். அதுவும் அடிப்படைச் சாமான் மட்டும்தான். அச்சடிக்க வேண்டுமா, பாட்டுக் கேட்க வேண்டுமா, சீட்டு விளையாட வேண்டுமா, அதற்கெல்லாம் தனித்தனிப் பொட்டலம் வேண்டும். அந்தப் பொட்டலங்களைக் கட்டுவதுதான் இவர் வேலை. சம்பளம் என்னவோ கணினி அறையைத் திறந்து பூட்டுவதற்குத்தான். யாரோ எங்கோ எழுதி இலவசமாகக் கொடுத்த நிரலை எடுப்பார். வீட்டில் இருக்கும் தன் கம்ப்யூட்டரில் அதை ஓட வைப்பார். வேண்டிய கோப்புகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டி, மேலே ஒரு விவரச்சீட்டு எழுதி ஃப்ளாப்பியில் போட்டு, கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார். அவர்கள் பதிலுக்கு வெற்று ஃப்ளாப்பி அனுப்புவார்கள். சிலர் கூடவே ஒரு நன்றிக் கடிதம் வைப்பார்கள்.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு முத்திரை உண்டு. தேவை, சிபாரிசு, ஆப்ஷனல் என்று மூன்று. தேவை என்றால் கேள்வி கேட்காமல் உள்ளே போகும். சிபாரிசு என்றால் போட்டுக்கொள்வது நல்லது. ஆப்ஷனல் என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எதற்கு எந்த முத்திரை என்பது கட்டுகிறவர் முடிவு. இவர் அதில் பொல்லாத கறார். தான் கட்டிய பொட்டலங்களில் முக்கால்வாசிக்கு ஆப்ஷனல் என்றே போட்டுவிடுவார். பிறர் வாழ்க்கையில் எது அவசியம் என்று சொல்ல நாம் யார் என்பது அவர் நினைப்பு.

இன்னொரு கறாரும் இருந்தது. கட்டிய பொட்டலத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும், அதிலிருந்து நீக்கி எடுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை அது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. இயற்பியல் வாத்தியார் ஒருவர் ஆசையாய் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அதை எடுத்துப் பார்த்தபோது, கூடவே அச்சடிக்கிற சாமானையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. "எடுத்துப் பாத்தீங்களா சார்? எடுத்துப் பாக்காம எப்பிடி சார் ஊருக்குக் கொடுப்பீங்க?" என்று இவர் தாழ்வாரத்தில் வைத்துப் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் இவருக்குச் சத்தம் வரும். மற்றபடி வீட்டில் சத்தமெல்லாம் மனைவியுடையது.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்தாள். இருநூறு தையல் மெஷின்கள் ஒரே கூரையின் கீழ் ஓடும். அத்தனை இரைச்சலையும் மீறி, கடைசி வரிசையில் காலரைக் கோணலாய்த் தைக்கிற பெண்ணுக்குக் காது கேட்கிற மாதிரி கத்த வேண்டும். கத்துவாள். அங்கே அவளுக்குச் சைரன் என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை இறங்காது. "ஏங்க, லைட்ட அணைங்க" என்று அடுக்களையிலிருந்து சொன்னால், எதிர்வீட்டில் விளக்கை அணைப்பார்கள். பொட்டலமும் சைரனும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று இரண்டு வேலையிடங்களிலும் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் நடத்தினார்கள். அவள் பேசுவாள், அவர் கேட்டுக்கொண்டே ஃப்ளாப்பி மாற்றுவார். மூன்றரை வயதில் ஒரு மகள். அவளை அம்மாக்காரி எலி என்பாள். எலி என்று கூப்பிட்டால்தான் அந்தப் பிள்ளையும் திரும்பும்.

அந்த வருஷம் மனைவிக்குத் தொண்டை கட்டியது. கட்டின தொண்டை இரண்டு மாதமாகியும் திறக்கவில்லை. வெந்நீரும் மாத்திரையுமாக நாளைத் தள்ளினாள். சாப்பாடு விழுங்கும்போது வலிக்கிறது என்று ஆன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குரல்வளைய முழுசா எடுத்தாகணும். எடுத்தா உயிரு தங்க வாய்ப்பிருக்கு. பேச்சு தங்காதும்மா."

"எத்தன நாளைக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நாள் கணக்கு இல்லம்மா. இனிமே வராது."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று பஸ்கள் போயின. பிறகு அவள் தொழிற்சாலை விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் எழுதிக் காட்டினா நீங்க படிச்சுக்குவீங்க. தங்கச்சி படிச்சுக்குவா. எலிக்குப் படிக்கத் தெரியாதேங்க."

அவ்வளவுதான் அவள் கவலை. உயிரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளையிடம் குரல் இல்லாத தாய் எப்படிப் பேசுவது என்பதுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது. நான்காவது பஸ்ஸில் ஏறும்போது அவருக்கு வழி கிடைத்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் செய்யப் போனார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலி அட்டை இருந்தது. அவளுடைய பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், அறுவைக்குப் பிறகு எண்ணைத் தட்டினால் அவள் குரலே பேசும். பட்டியலை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடலாம். ஆடையில் எத்தனையோ நம்பர் பார்த்தவளுக்கு இந்த எண்களும் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது.

மனைவியின் தங்கை மட்டும் குறுக்கே பேசினாள். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள்.

"மாமா, எங்கிட்ட டேப் ரெக்கார்டர் இருக்கு. கேசட்டுல பேசச் சொல்லி வெச்சுக்கலாமே. சுளுவா முடிஞ்சிரும்."

"கேசட்டுல ஒரு வார்த்தைய எப்பிடித் தேடுவ? பிள்ள பசிக்குதுன்னு நிக்கும், நீ டேப்ப முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிக்கிட்டு இருப்பியா?"

"அது இல்ல மாமா, சும்மா ஒரு பத்திரத்துக்கு..."

"அவருக்குத் தெரியும்டி" என்றாள் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது. டேப் ரெக்கார்டர் தங்கையின் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு அந்த இடத்தில்தான் ஆத்திரம் வருகிறது.

பட்டியல் போட இரண்டு நாள் ஆயிற்று. அவர் பாணியிலேயே போட்டார். முதலில் தேவை: ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்கள், கிழமைகள், ஆமாம், இல்ல, வேணும், வேண்டாம், வலிக்குது, தண்ணி வேணும், மாத்திர எங்க. நூற்றைம்பது. அடுத்து சிபாரிசு: கதவ யாரோ தட்டுறாங்க, பால்காரர் வந்தாச்சா, துணி காஞ்சிருச்சு எடுங்க என்று நூற்றுப்பத்து. இருநூற்று அறுபதோடு அவர் நிறுத்தப் பார்த்தார். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் உள்ளதெல்லாம் அவள் சொல்லி எழுதியது, நூற்றைம்பத்திரண்டு. இருநூற்று அறுபத்தொன்றில் "ஏய் எலி, சாப்ட வா" என்று ஆரம்பித்தாள். "கண்ண மூடு, அம்மா பக்கத்துலதான் இருக்கேன்." "யாரு அடிச்சா என் தங்கத்த?" "பல்லக் காட்டு பாப்போம்." "எலிக்கு அம்மா மேல எவ்ளோ ஆச?" முந்நூறாவது எண்ணில் எலி ராஜா கதை என்று மட்டும் எழுதச் சொன்னாள். கடைசியாக, நானூற்றுப் பன்னிரண்டில், சிரிப்பு.

அந்தப் பகுதிக்குத் தலைப்பில் அவர் ஆப்ஷனல் என்று எழுதினார். பழக்கதோஷம்.

"நான் சொன்னதெல்லாம் கடைசியா?" என்றாள்.

"அது சும்மா ஒரு மார்க்குதான். எல்லாமே உள்ள போகும்."

பதினோரு நாள் பதிவு நடந்தது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, கதவிடுக்கில் போர்வையைச் செருகிவிட்டு இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்வார்கள். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. ஒரு வார்த்தைக்கு மூன்று தடவை இருமுவாள். அவர் திரையில் ஒலி அளவு காட்டும் கோட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கோடு சிவப்பைத் தொட்டால் கையைக் காட்டுவார், அவள் மறுபடி சொல்வாள். எலி ராஜா கதை பதிவின்போதுதான் அவள் வாயில் வந்தபடி கட்டிச் சொன்னது. நான்கு நிமிஷம் ஓடியது. சிரிப்புதான் வராமல் அடம்பிடித்தது. வலிய வரவழைத்த சிரிப்பெல்லாம் இருமலில் முடிந்தது. கடைசியில் அவர் முதல்வர் தண்ணீர் குடித்த கதையை எடுத்துவிட்டார். பத்தாவது தடவையாகக் கேட்கிறாள், ஆனாலும் சிரித்தாள். கோடு சிவப்பைத் தாண்டிப் போனது. அதை மட்டும் அவர் மறுபதிவு கேட்கவில்லை.

அறுவை முடிந்தது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் அவர், பதிவான அவள் பேச்சை ஒழுங்காக வெட்டி, எண் தட்டினால் ஒலிக்கிற நிரலையும் எழுதி முடித்துவிட்டார். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவர் பொட்டலம் ஆயிற்றே. இதையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, கல்லூரிக் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் ஏற்றிவைக்க நினைத்தார். நினைப்பில் ஒரு தப்பும் இல்லை.

வன்தட்டில் இடம் இல்லாததால் நேராக ஃப்ளாப்பியிலேயே கட்டினார். எண் வரிசைப்படி, எட்டு ஃப்ளாப்பி. மேஜை இழுப்பறையில் பிரிக்காத பெட்டி ஒன்றில் பத்துப் புது ஃப்ளாப்பிகள் இருந்தன. அவை அடுத்த வாரம் தபாலில் போக வேண்டியவை, முன்பின் தெரியாத யார் யாருக்கோ சீட்டு விளையாட்டும் நாட்காட்டியும் சுமந்துகொண்டு. வீட்டுக்குத்தானே என்று பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய ஃப்ளாப்பிகளை எடுத்தார். பத்துக் கைமாறி, தபால்பையில் நசுங்கித் திரும்பி வந்தவை.

அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கொழுந்தியாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து காலி ஃப்ளாப்பி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. மனைவி வரும்போது எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பரபரப்பு. போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. அடுத்து என்ன? எடுத்துப் பார்க்க வேண்டும். எடு என்று கட்டளை கொடுத்தார்.

எடு என்றால் அந்த முறையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. பொட்டலத்தில் எந்தெந்தக் கோப்புகள் வந்தனவோ அந்தப் பட்டியலைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டே போகும். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் போயின. அவை நகல்கள் அல்ல, மூலமே அவைதான். அதுவும் அவருக்குத் தெரியும். எட்டு ஃப்ளாப்பிகள் கையில் இருக்கின்றனவே, மறுபடி போட்டால் வந்துவிடும், இத்தனை வருஷமாய் வந்துகொண்டுதானே இருக்கிறது. முதல் ஃப்ளாப்பியைச் செருகினார். ஏறியது. இரண்டு, மூன்று, நான்கு, ஏறின. ஐந்தாவதைச் செருகினார். உள்ளே கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். நின்றது. மறுபடி கரகரத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி விழுந்தது.

சுருட்டிக் கட்டின பொட்டலத்தில் நடுவே ஓரிடம் பழுதானால், அதற்குப் பின்னால் உள்ள எதையும் பிரிக்க முடியாது. ஆறும் ஏழும் எட்டும் நல்ல ஃப்ளாப்பிகள்தான், இருந்தும் பிரயோஜனம் இல்லை. அவர் ஐந்தாவதை உருவித் துடைத்தார், ஊதினார், கல்லூரிக்கு ஓடி அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்து வன்தட்டைத் துளைத்து, அழிந்த இடங்களைத் துழாவினார். மறுபடி ஏற்றிய நான்கு ஃப்ளாப்பிகளும் போய் உட்கார்ந்தது அந்தக் காலியான இடத்தின் மேலேதான். மிஞ்சிய பொத்தல்களில் வெறும் இரைச்சல். மூன்று மணிவரை தேடினார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். முகம் கழுவிக்கொண்டு போனார். அவள் கட்டிலில் சாய்ந்தபடி கட்டைவிரலை உயர்த்தி, தயாரா என்று புருவத்தால் கேட்டாள். இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மன்னிக்கத் தயார். அந்த நேரத்தில் வேறு எவன் என்ன செய்திருப்பான்?

மறுநாள் வந்தாள். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை சித்தியின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சுவரில் அட்டை. பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு, ஆறு, ஒன்று என்று தட்டினாள்.

"ஏய்" என்றது கம்ப்யூட்டர்.

அவ்வளவுதான். நான்காவது ஃப்ளாப்பி முடிகிற இடம் அது. எலி ஐந்தாவதில் இருந்தது.

அவள் தன் விரல்தான் பிசகிவிட்டது என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். "ஏய்." பிள்ளை சித்தியின் சேலையை இறுக்கிப் பிடித்தது. இருநூற்று அறுபத்திரண்டைத் தட்டினாள். கோப்பு இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு பீப் சத்தம் வைத்திருந்தார் அவர். பீப் என்றது. அறுபத்துமூன்று, பீப். அறுபத்துநான்கு, பீப். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். தொழிற்சாலையில் சட்டைக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பழுது பார்ப்பாளே, அப்படி ஒன்றுவிடாமல் தட்டிக்கொண்டே போனாள். முந்நூறில் கொஞ்சம் நின்று, இரண்டு தடவை தட்டினாள். பிறகு மேலே போனாள். நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் போனாள். அத்தனை பீப்பையும் அவர் நின்றுகொண்டே கேட்டார்.

முடிந்ததும் நோட்டை எடுத்து எழுதினாள். "ஆப்ஷனல் மட்டுமா?"

ஆமாம் என்று அவர் தலையசைத்தார்.

அவள் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணீர் வந்தது, தொண்டையில் சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு நோட்டை மூடிவிட்டு நாற்பத்தொன்றைத் தட்டினாள். "தண்ணி வேணும்" என்றது, பழைய சைரன் குரலில், தெள்ளத் தெளிவாக. அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் பதினாறு மாதம் அவள் இருந்தாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். முதல்நாள் அதை வைத்து அவள் எலி என்று சொன்னபோது, வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. கருவி இழுப்பறைக்குள் போயிற்று. மிஞ்சியது கம்ப்யூட்டரில் இருந்ததுதான். பிள்ளையைக் கூப்பிட வேண்டுமானால் "ஏய்". சாப்பிட மறுத்தால் "ஒண்ணு", "ரெண்டு", "மூணு". மூணு முடிவதற்குள் பிள்ளை வாயைத் திறந்துவிடும். அழுக்குக் கையோடு மேலே ஏறினால் "வேண்டாம்". மடியில் குதித்தால் "வலிக்குது". கட்டிப்பிடிப்பதும் தலையைக் கோதுவதும் இருந்ததுதான். ஆனாலும் பிள்ளை அம்மாவின் குரல் என்று அறிந்தது அந்த நாலைந்து சொற்களைத்தான்.

"அம்மா பொட்டிக்குள்ள இருந்து திட்டுது சித்தி" என்று ஒருநாள் அது சொன்னதை அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே போகாமல் திரும்பி நடந்தார்.

நோய் திரும்ப வந்தது. இந்த முறை கழுத்தோடு நிற்கவில்லை. கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மத்தியானம், தங்கை சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவள் போய்ச்சேர்ந்தாள். அவர் பக்கத்தில் இருந்தார். அவள் கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அறிவு வேண்டாமா?

அவர் பொட்டலம் கட்டுவதை விட்டுவிடவில்லை. விட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் அவர் எழுதிய விவரச்சீட்டு ஒவ்வொன்றிலும் கடைசி வரியாக, "எடுத்துப் பார்க்கும் முன் வேறு இடத்தில் ஒரு நகல் வைக்கவும்" என்று இருக்கும். நல்ல யோசனை என்று நாலைந்து பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். வருஷம் போகப் போக ஃப்ளாப்பி ஒழிந்து குறுந்தகடு வந்தது, கேட்டு எழுதுகிறவர்களும் குறைந்தார்கள். மகளிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல நினைத்து நினைத்து ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அவளுக்குப் பதினோரு வயது. வீடு மாற்றுகிறார்கள். பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை அவர் இறக்க, அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுலதான அம்மா பேசுவாங்க?"

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. ஏய்னு கூப்பிடுவாங்க. அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு. வேண்டாம். வலிக்குது." விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். "அப்பா, ஒண்ணு கேக்கவா? அம்மாவுக்கு என்னப் பிடிக்காதா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கம்ப்யூட்டரைத் தரையில் வைத்தார். துணி அலமாரியின் பின்னால் கையைவிட்டு அந்த அட்டையை உருவி அவளிடம் கொடுத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். எட்டு ஃப்ளாப்பிகள், பழைய டப்பா, இழுப்பறையில் இருந்த புதுப் பெட்டி, சித்தியின் டேப் ரெக்கார்டர், எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அந்த மட்டும் அவரை மெச்ச வேண்டும்.

அவள் கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து, இருநூற்று அறுபத்தொன்றிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். ஏய் எலி, சாப்ட வா. கண்ண மூடு, அம்மா பக்கத்துலதான் இருக்கேன். யாரு அடிச்சா என் தங்கத்த? பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், நிறுத்தாமல், நானூற்றுப் பன்னிரண்டு வரை படித்தாள். "சிரிப்பு" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். அப்புறம் விரலை மேலே கொண்டுபோய்த் தலைப்பில் வைத்தாள்.

"ஆப்ஷனல்னு யாருப்பா போட்டது?"

"நான்தான்மா."

 அவள் விரல் மறுபடி கீழே இறங்கி முந்நூறில் நின்றது.

"எலி ராஜா கதை எப்பிடி முடியும்?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "எலி ராஜா செவுத்துல ஓட்ட போட்டு அந்தப் பக்கம் போகும். அங்க ஒரு பெரிய அறை இருக்கும். அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம்?"

"தெரியலம்மா. அம்மா சொல்லச் சொல்ல நான் கோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கூடிடக் கூடாதேன்னு."

சாமான் ஏற்ற வண்டி வந்துவிட்டது. வெளியே ஒலிப்பானை அடித்தார்கள். அவள் எழுந்து, அட்டையை இரண்டாக மடித்து, அவர் நீட்டிய பெட்டியில் போடாமல் தன்னுடைய பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து மூடினாள்.